கால்மாட்டில் குவிந்த மாலைகள்

குளிர்சாதன வேலையில் என்னை அதிகம் கோபப்படுத்துகிற வாக்கியம் ஒன்று உண்டு. "கேஸ் தீந்துபோச்சி." வீட்டு ஏசியானாலும் பட்டுக்கடை ஏசியானாலும், குளிரவில்லை என்றதும் எதையும் தொட்டுக்கூடப் பார்க்காமல் இதைச் சொல்லிவிடுகிறார்கள். ஓட ஓடத் தீர்வதற்குக் கேஸ் என்ன பெட்ரோலா? மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் கேஸ் ஏற்றுகிறவர் மெக்கானிக் அல்ல, கேஸ் வியாபாரி.

அந்த வாக்கியம் ஒரு சாவு வீட்டில் என்ன செய்யப் பார்த்தது என்பதை, இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

1. தறிக்கும் சுவருக்கும் நடுவே

ஆரணியில் என் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்தெருவில் தேவராஜ் என்ற பட்டு நெசவாளர் இருக்கிறார். அவருடைய மனைவி சரோஜா ஒரு கோடை நாளில் விடியற்காலையில் இறந்துபோனார். ஒரே மகள் கலா புனேயில் வேலை செய்கிறாள். செய்தி கேட்டதும் கிளம்பிவிட்டாள். விமானத்தில் சென்னை, அங்கிருந்து காரில் ஆரணி. எப்படியும் மாலை ஐந்தாகிவிடும் என்று சொல்லியிருந்தாள்.

அதுவரை உடலை வைத்திருக்க ஃப்ரீசர் பாக்ஸ் வரவழைத்தார்கள். ஷாமியானா, நாற்காலியோடு இந்தப் பெட்டிகளையும் வாடகைக்கு விடுகிற பாபு கொண்டுவந்து இறக்கி, பிளக்கைச் சொருகிவிட்டுப் போய்விட்டான். நண்பகலில் தேவராஜ் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, பொட்டி குளிர மாட்டேங்குது. ஜல்தி வாங்க. எம்பொண்ணு வர்ற வரைக்குமாவது தாங்கணும்."

அந்த வீட்டுக் கூடத்தில் பாதியைக் குழித்தறி பிடித்துக்கொண்டிருந்தது. தரையோடு பதித்த தறி, நகர்த்த முடியாது. பாதி நெய்த புடவை அதிலேயே இருந்தது. தறிக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சிய இடத்தில், தெற்கே தலை வைத்து, பெட்டியை நெருக்கித் தள்ளியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஊதுபத்திக் கட்டு புகைந்தது.

இறந்தவரின் அண்ணன் ஏகாம்பரம் போளூரிலிருந்து வந்திருந்தார். "இந்த வெயில்ல வச்சிகினு இருந்தா ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்? மூணு மணிக்கு எடுத்துடலாம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"அவ அம்மா மூஞ்சப் பாக்காம நான் எடுக்க மாட்டேன் மச்சான்" என்றார் தேவராஜ்.

"அப்ப நாத்தம் புடிச்ச பொறவு பாக்கட்டும்ன்றியா?"

தேவராஜ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

அப்போதுதான் பாபு உள்ளே வந்தான். கையில் ஒரு குட்டி சிலிண்டரும் ரப்பர் டியூபும். "கேஸ் தீந்துபோச்சிண்ணா. கொஞ்சம் ஏத்திட்டா போதும், கிர்ர்னு குளிரும்" என்றான்.

"இன்னா கேஸ் இது?"

"சமையல் கேஸுதான். எல்லாரும் இதத்தான் போட்டுகினு இருக்காங்க."

சமையல் கேஸ் குளிராது என்று நான் சொல்லமாட்டேன், குளிரும். ஆனால் அது தீப்பிடிக்கும். அதற்கென்று செய்யப்படாத பெட்டியில், ஜன்னலை அடைத்துக்கொண்டு ஆட்கள் நிற்கிற கூடத்தில், எரிகிற விளக்குக்குச் சில அடி தூரத்தில், ஒரு ரப்பர் டியூபை நம்பி அதை ஏற்றப் போகிறான். சுற்றிலும் அழுதுகொண்டு இருபது பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனேன்.

"கொளுத்தணும்னா சுடுகாடு இருக்குடா பாபு. வூட்டுக்குள்ள இன்னாத்துக்கு?"

"இன்னாண்ணா, ரொம்பத்தான் பேஜார் பண்றீங்க. இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"ஆயிருந்தா சொல்றதுக்கு நீ இருந்திருக்க மாட்ட. சிலிண்டர வண்டில வை."

முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய் வைத்தான்.

2. வெப்பம் போகிற வழி

இங்கே சில சொற்களை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் மீதிக் கதை அவற்றில்தான் இருக்கிறது. கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்கி கண்டென்சருக்குத் தள்ளுகிறது. கண்டென்சர் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட, கேஸ் திரவமாகிறது. கேப்பிலரி என்ற மெல்லிய குழாய் வழியாகப் போகும்போது அதன் அழுத்தம் சட்டென்று விழுகிறது. பிறகு எவாப்பரேட்டரில் அது ஆவியாகி, சுற்றியிருக்கிற சூட்டை எடுத்துக்கொள்கிறது. ஃப்ரீசர் பாக்ஸில் உடலுக்குக் கீழே உள்ள தட்டின் அடியில் ஓடுகிற குழாய்தான் எவாப்பரேட்டர். நாம் குளிரைத் தயாரிப்பதில்லை. ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறோம். கொட்ட இடம் இல்லாவிட்டால் எடுக்கவும் முடியாது.

பெட்டியின் கால்மாட்டுப் பக்கம் குனிந்தேன். கம்ப்ரசரில் கை வைக்க முடியவில்லை, கொதித்தது. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டு அது நின்றுபோனது. கம்ப்ரசர் கருகிப்போகாமல் காக்கிற ஓவர்லோடு, மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறது. கண்டென்சரும் நெருப்பாய்ச் சுட்டது. கேஸ் குறைந்திருந்தால் கண்டென்சர் இப்படிச் சுடாது, வெதுவெதுப்போடு நின்றுவிடும். கேஸ் சரியாகத்தான் இருக்கிறது. சூடு வெளியே போகத்தான் வழியில்லை.

ஏன் வழியில்லை என்பதைத் தேட வேண்டியதே இல்லை. கண்டென்சரின் சூட்டுக்காற்று வெளியேறுகிற கிரில் கால்மாட்டில் இருக்கிறது. அந்த முனைக்கும் வடக்குச் சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் மாலையைக் காலடியில்தான் வைத்திருந்தார்கள். வேறெங்கே வைப்பார்கள்? ரோஜாவும் சம்பங்கியுமாக முழங்கால் உயரத்துக்கு மாலைகள் கிரில்லை மூடிக்கிடந்தன. அடியில் இருந்தவை வெந்து பழுப்பாகியிருந்தன.

நான் மாலைகளை எடுக்க ஆரம்பித்தேன். ஏகாம்பரம் என் கையைப் பிடித்தார்.

"யோவ், அது மச்சானுக்கு நூல் குடுக்கற பட்டு முதலாளி போட்ட மால. அவரு வெளியதான் ஒக்காந்துகினு இருக்காரு. எடுத்தா இன்னா நெனப்பாரு?"

"நெனச்சிக்கட்டும்ங்க. பொட்டிக்கு மூச்சு முட்டுது."

"நீ மெக்கானிக்கா, பூக்காரனா? மெஷின ரிப்பேர் பண்ணத் தெரியலன்னா சொல்லிட்டுப் போ."

என் பொறுமை அதோடு போயிற்று. "ரிப்பேர் பண்றதுக்கு மெஷின்ல ஒண்ணும் இல்லங்க. நீங்க எல்லாம் சேந்து அத மூடி வச்சிருக்கீங்க. உங்க தங்கச்சிக்கு மரியாத பண்ணணுமா, முதலாளிக்கா? மொதல்ல அத முடிவு பண்ணுங்க."

தேவராஜ் எழுந்தார். முதலாளி போட்ட பெரிய மாலையை இரண்டு கையாலும் தூக்கிப் போய்த் தறிமரத்தில் மாட்டினார். பாதி நெய்த புடவைக்கு மேலே அது தொங்கியது. அந்தத் தறியில் அவர் மனைவிதான் அவருக்குத் துணையாக உட்காருவார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மற்றவர்களும் ஆளுக்கு ஒரு மாலையை எடுத்துத் தறியில் மாட்டினார்கள். ஏகாம்பரமும் ஒன்றை எடுத்தார்.

பெட்டியைத் தெற்கே ஒரு முழம் இழுக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் விளக்கை அணையாமல் கையால் மறைத்துத் தள்ளி வைத்தாள். எதிர்வீட்டு டேபிள் ஃபேனைக் கால்மாட்டில் வைத்துக் கம்ப்ரசரின் சூடு தணியக் காத்திருந்தேன். மறுபடி சுவிட்சைப் போட்டதும் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று மணிவாக்கில் உள்ளே கை வைத்துப் பார்த்த ஏகாம்பரம், எடுப்பதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

3. மாலை

கலா ஐந்தரைக்கு வந்தாள். மூடியைத் திறந்தோம். அம்மாவின் கன்னத்தில் கையை வைத்தாள். "இன்னாம்மா, இப்டி ஜில்லுனு கீற" என்று கேட்டாள். 'ஜில்லுன்னு இருக்கு' என்பதை வாடிக்கையாளர்கள் வாயிலிருந்து பாராட்டாகவே கேட்டு வந்தவன் நான். அன்று வாசலுக்குப் போய்விட்டேன்.

வாசலில் பாபு நாலு பேரைச் சுற்றி வைத்துக்கொண்டு, "கேஸ் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன், சரியாயிடுச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. சாவு வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டேன். மறுவாரம் அவன் ஷெட்டுக்குப் போய், ஒவ்வொரு பெட்டியின் கால்மாட்டிலும் 'இங்கே மாலை வைக்காதீர்கள்' என்று எழுதச் சொன்னேன்.

"சாவு வூட்டுக்குப் போற பொட்டில அப்டி எழுதினா எவன்ணா எடுப்பான்?" என்றான்.

அவன் சொன்னதில் அதுவொன்றுதான் நியாயம். மாலை வைக்காதே என்று துக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்ல முடியாது. அது அவர்கள் பாடு. சூடு வெளியே போக வழி வைப்பது நம் பாடு. அதைச் செய்யாமல் வாடகை வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வருகிறது.

ஆகவே நீங்கள் பெட்டி இறக்கப் போனால், பிளக்கைச் சொருகிவிட்டு ஓடிவிடாதீர்கள். கிரில்லுக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம் விடுங்கள். கால்மாட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். முதல் மாலை ஸ்டூலில் விழுவதைப் பார்த்த பிறகு வண்டியை எடுங்கள். முதல் மாலை விழுந்த இடத்தில்தான் மற்ற எல்லா மாலைகளும் விழும்.