பெய்யாத மழை

ஜினி கடலோரப் பொழியூர்க்காரி. அவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது கடல், வீட்டின் முன்சுவரை எடுத்தது; அடுத்த மழைக்காலத்தில் மிச்சத்தையும் கொண்டுபோனது. இப்போது அமரவிளையில் வாடகை வீடு, நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை. கடலைப் பார்த்தாலே எரிச்சல் வரும் அவளுக்கு. மலைதான் பிடிக்கும். அது நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும் என்பாள்.

மலையாளத் துலாம் மாதம், அதாவது ஐப்பசி, பிறந்ததும் ஆஸ்பத்திரி ஆட்கள் சிலர் அம்பூரிக்கு அப்பால் ஒரு பாறைமலைக்குப் போவார்கள். ஐப்பசியின் காலைகள் கழுவிவிட்டதுபோல் தெளிவாக இருக்கும். மதியத்துக்கு மேல் நம்ப முடியாது. கிழக்கே கறுத்தால் இடியும் மின்னலும்தான். காலையில் கணுக்கால் நனையத் தாண்டிய ஓடை சாயங்காலம் ஆளை உருட்டும். அப்படி உருட்டப்பட்டவர்களை ஜினி ஸ்ட்ரெச்சரில் பார்த்திருக்கிறாள்.

அதனால் போவதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுவாள். புது ஷூ வேண்டாம், அடி தேயாத பழையது போதும். குடை வேண்டாம், மழைக்கோட்டு வேண்டும். அட்டை கடித்தால் வைக்க உப்பு முடிச்சு, மாற்றுடை பிளாஸ்டிக் கவரில், போனை நம்பாமல் தனியாக டார்ச். எந்த வழியாகப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டும்.

"மலைக்குப் போறோமா, யுத்தத்துக்குப் போறோமா சேச்சி?" என்பான் லேபில் வேலை பார்க்கும் ரதீஷ். கூட்டத்துக்கு அவன்தான் தலைவன் மாதிரி.

இரண்டு வருடம் முன்பு, உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்போது கிழக்கே கறுத்தது. தூரத்தில் இடி உருண்டது.

"இனி ஏறண்டாம். இறங்குவோம்," என்றாள் ஜினி.

"இதோ தெரியுதுல்லா உச்சி! ஒரு போட்டோ எடுத்துட்டு இறங்கிரலாம்."

"மேல மொட்டப் பாறையாக்கும் மக்கா. மின்னல் வந்தா அங்க நம்மதான் உயரம்."

ரதீஷ் முறைத்தான். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்யும் கொல்லயில் ஊர்ப் பெண் அனகாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜினி இறங்கத் தொடங்கினாள். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் இறங்கினார்கள்.

மழை பெய்யவில்லை. அடிவாரத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோது உச்சிப்பாறை வெயிலில் பளபளத்தது.

"சேட்டா, துடைக்க ஒரு தோர்த்து தாருமா? ஒக்க நனைஞ்சு போனோம்," என்றான் ரதீஷ் கடைக்காரரிடம். எல்லாரும் சிரித்தார்கள். அனகாவும் சிரித்தாள். ஒரு சாரலாவது விழக் கூடாதா என்று ஜினி ஏங்கினாள். அப்படி ஏங்கியது அவளுக்கே அவமானமாக இருந்தது.

அடுத்த துலாமில் மலைக்குப் போவதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அனகாவின் ஸ்டேட்டஸில்தான் பார்த்தாள்: மலையடிவாரம், சிரித்த முகங்கள், அனகாவின் காலில் வெள்ளை வெளேரென்று புது ஷூ. ஜினிக்கு அன்று பகல் டியூட்டி. மதியம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கிழக்கே பார்த்தாள். கறுத்துக் கிடந்தது. அனகாவுக்குப் போன் செய்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் செய்தாள். அதே குரல்.

அந்தி மயங்கும்போது ஒரு ஜீப் வந்தது. நனைந்த பாறையில் வழுக்கி அனகாவின் கணுக்கால் முறிந்திருந்தது. ரதீஷ்தான் மழையில் அவளை முதுகில் சுமந்து இறக்கியிருக்கிறான். மாற்றுடை யாரிடமும் இல்லை. உதடு நீலம் பாரித்து நடுங்கிய அனகாவுக்கு, வீட்டுக்குப் போக வைத்திருந்த தன் சுடிதாரை உடுத்திவிட்டு ஜினி ஷூவைக் கத்தரித்து எடுத்தாள்.

"சேச்சிக்கு வானம் பாக்கத் தெரியும்லா," என்றான் ரதீஷ், வராந்தாவில் சொட்டச் சொட்ட நின்றபடி. "காலையிலயே ஒரு வார்த்த பறஞ்சிருக்கலாம்லா?"

போன் செய்ததைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஸ்ட்ரெச்சரின் பிரேக்கைத் தட்டிவிட்டாள்.

"நகந்து நில்லு. எக்ஸ்ரேக்குக் கொண்டு போவணும்."

ஓடிவந்த அனகாவின் அம்மா சத்யபாமா ரதீஷின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இல்லேன்னா எம் புள்ள இல்ல மக்கா!"

மறுவாரம் ஆஸ்பத்திரியில் ரதீஷுக்குப் பாராட்டு நடந்தது. மூத்த நர்ஸ் என்பதால் பொன்னாடை போர்த்த ஜினியைக் கூப்பிட்டார்கள். போர்த்தினாள். போட்டோவுக்காக இன்னொரு தடவை போர்த்தச் சொன்னார்கள். அதையும் செய்தாள்.

"அடுத்த வருஷம் சேச்சியும் வரணும்," என்றான் ரதீஷ் எல்லாருக்கும் கேட்க. ஜினி தலையாட்டினாள்.

எலும்பு கூடிவிட்டாலும் அனகா படி இறங்கும்போது இன்னும் கைப்பிடியைப் பிடிக்கிறாள். ரதீஷ் இந்த வருடமும் ஆள் சேர்த்துவிட்டான் என்று கேள்வி. ஜினியை யாரும் கூப்பிடவில்லை. காலை வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, தனியாகவாவது போய்விட்டு வரலாமா என்று தோன்றும் அவளுக்கு. ஆனால் தனியாக யாரும் மலை ஏறக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பஸ் வந்ததும் ஏறி வேலைக்குப் போய்விடுகிறாள்.