லூசி சிஸ்டரும் ட்யூப் ஆம்ப்பும்

ஜனக்புரியில் மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் லூசி சிஸ்டர் வீடு. சில பஸ் நிறுத்தங்கள் தள்ளி ஒரு தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். பாளையங்கோட்டைக்காரர், கல்யாணமாகி தில்லிக்கு வந்தவர். கணவர் ஞானசீலன் பொதுத்துறை நிறுவனமொன்றில் மின்பிரிவு அதிகாரி. மகன் கெவின் பெங்களூரில் வேலை பார்க்கிறான். சத்தம் போடாத வீடு அது. ஞானசீலன் கிரிக்கெட் மேட்சைக்கூட ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் லூசியும் படுத்தார். தான் வேலை பார்த்த வார்டிலேயே ஒரு கட்டிலில், கூட வேலை செய்தவர்கள் பார்த்துக்கொள்ள. பிழைத்து எழுந்து வந்தார். ஆனால் மூச்சு பழையபடி திரும்பவில்லை. இரண்டு மாடி ஏறுவதற்குள் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட் சுபாஷிணி பலூன் ஊதச் சொன்னாள். லூசி சில நாள் ஊதிவிட்டு நிறுத்திவிட்டார்.

"போர் அடிக்குது சுபா. பொறந்தநாள் வீடு மாதிரி ரூமெல்லாம் பலூனா கெடக்கு."

"அப்ப மவுத் ஆர்கன் வாசிங்க சிஸ்டர். அதுல ஊதவும் செய்யணும், உள்ள இழுக்கவும் செய்யணும். நுரையீரலுக்கு ரெண்டும் நல்லது."

கெவின் பள்ளியில் படித்தபோது வாங்கிய மவுத் ஆர்கன் பரணில் கிடந்தது. லூசி அதைத் துடைத்து, கிருமிநாசினி போட்டுக் கழுவி, முதலில் தேவாலயத்தில் பாடும் ஞானப்பாட்டுகளை வாசித்தார். பிறகு போனில் பாடம் தேடினார். அப்படித் தேடும்போதுதான் ஒருநாள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை வந்து சேர்ந்தது. யாரோ ஒரு பெயர் தெரியாத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். லூசி அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டார்.

"ஏங்க, இதக் கேளுங்களேன்" என்று கணவரைக் கூப்பிட்டார். "அழுத மாதிரியும் இருக்கு. அழுது முடிச்சு மூக்கச் சிந்திட்டுச் சிரிச்ச மாதிரியும் இருக்கு."

ஞானசீலன் கேட்டுவிட்டு, "ரொம்ப எரைச்சலா இருக்கே" என்று போய்விட்டார்.

ப்ளூஸில் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே நாக்கையும் தாடையையும் சற்று இறக்கி சுரத்தை வளைக்க வேண்டும். அது லேசில் வரவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க முயன்று, ஒருநாள் குக்கர் விசிலுக்காகக் காத்திருந்தபோது தானாக வளைந்தது. அன்று அவர் விசிலை எண்ண மறந்து பருப்பு அடிப்பிடித்தது. வளைவு வந்தும், போனில் கேட்ட அந்த ஓசை வரவில்லை. தன்னுடையது ஒல்லியாக, பொம்மைக் கடை ஊதல் போல இருந்தது. விசாரித்ததில் காரணம் தெரிந்தது. ப்ளூஸ் வாசிப்பவர்கள் பழைய வயர்லெஸ் செட்டுகளில் வருவது போன்ற ஒரு உருண்டை மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்துக் கைக்குள் பொத்திப் பிடிக்கிறார்கள். அந்த மைக் போய்ச் சேருவது ட்யூப் ஆம்ப்ளிஃபையரில். அந்தக் கால வால்வு ரேடியோவுக்குள் மினுங்குமே, அதே கண்ணாடிக் குழல்கள்.

அடுத்த பிளாக்கில் அர்ஜுன் என்ற கிடார்க்காரன் கனடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சாமான்களை விற்பதாகக் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தான். அவனிடம் ஒரு சின்ன ட்யூப் ஆம்ப் இருந்தது. உருண்டை மைக் ஒன்றும் தூசியோடு கிடந்தது. லூசி இரண்டையும் வாங்கி ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார்.

"இது என்னது, தையல் மிஷினா?" என்றார் ஞானசீலன். பின்பக்கம் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "லூசி, இது அமெரிக்காக்காரன் செட்டு. நூத்திப்பத்து வோல்ட்டு. நம்ம லைன்ல நேரா சொருகுனா பொகைதான்."

"அந்தப் பையன் கனமா ஒரு இரும்புப் பெட்டியும் குடுத்தான். எதுக்குன்னு தெரியாம வாசல்லயே வச்சிருக்கேன்."

அதுதான் டிரான்ஸ்ஃபார்மர். ஞானசீலன் அதைத் தூக்கிவந்து, மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே ஆம்ப்பைச் சொருக விட்டார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே குழல்கள் மெல்ல ஆரஞ்சு நிறத்தில் சூடேறின. லூசி ஆம்ப்புக்கு நேர் எதிரே நின்று, மைக்கைக் கையிலெடுத்து, வாசிப்பதற்காக வாயருகே கொண்டுபோனார்.

வீடே வீறிட்டது. ஏசி பெட்டி மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. லூசி பயத்தில் வால்யூமைத் தவறான பக்கம் திருப்ப, இன்னும் வீறிட்டது. ஞானசீலன் பாய்ந்து அணைத்தார். கதவைத் தட்டிக்கொண்டு கீழ்வீட்டு மங்களம் மாமி வந்து நின்றார். ஸ்டேட் பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னடியம்மா லூசி? குக்கர் வெடிச்சுடுத்தோன்னு ஓடி வந்தேன்!"

"இல்ல மாமி, மவுத் ஆர்கன்."

மாமி ஆம்ப்பையும் லூசியையும் மாறி மாறிப் பார்த்தார். "மவுத் ஆர்கனா? அச்சா" என்றார். படி இறங்கிப் போனார்.

அடுத்து வந்த ஞாயிறுகளிலெல்லாம் இதே கதைதான். ஒலியைக் கூட்டினால் வீறிட்டது. குறைத்தால் உயிரில்லை. லூசி அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாமா என்று யோசித்தபோது, விடாமல் பிடித்துக்கொண்டவர் ஞானசீலன்தான். பாட்டுக்காக அல்ல. ஒரு மின்கருவி ஏன் அலறுகிறது என்று தெரியாமல் விட அவரால் முடியவில்லை. பல நாள் படித்துவிட்டு இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார்.

"இது கிடாருக்குச் செஞ்சது. கிடார்ல இருந்து வார சிக்னல் ரொம்பச் சின்னது. அத மொத ட்யூப் நல்லாப் பெருக்கிக் குடுக்கும். உன் மைக்லருந்து வாரதே பெருசு. அதையும் அப்படியே பெருக்குது. ஸ்பீக்கர்ல வார சத்தம் திரும்ப மைக்ல விழுந்து, அதையும் பெருக்குது. கத்தாம என்ன செய்யும்? அந்த மொத ட்யூப்ப எடுத்துட்டு, கொஞ்சமாப் பெருக்குத ட்யூப்ப மாட்டணும். ரெண்டுக்கும் அடியில கம்பிக்கால் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

இருவரும் மெட்ரோ பிடித்து செங்கோட்டை எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போனார்கள். கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஒரு சர்தார்ஜி மேசை டிராயரின் அடியிலிருந்து, பழைய செய்தித்தாளில் சுற்றிய ட்யூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். திரும்பும் வழியில் சாந்தினி சௌக்கில் தஹி பல்லா என்ற தயிர்வடை சாப்பிட்டார்கள். இருவரும் சேர்ந்து இப்படி வெளியே சுற்றி ரொம்ப நாளாகியிருந்தது. ஞானசீலன் ட்யூப் இருந்த சட்டைப்பையை ஒரு கையால் மூடிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும், ஆம்ப் அணைந்து ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய ட்யூபை மெல்ல ஆட்டி எடுத்துப் புதியதை மாட்டினார். அலறல் அடங்கிவிட்டது. ஆனாலும் ஓசை மந்தமாக, ஜலதோஷம் பிடித்தாற்போல் வந்தது.

அந்த வாரம் வார்டில் ஒரு நோயாளிக்கு மூச்சு நின்றது. லூசி செயற்கைச் சுவாச முகமூடியை அவர் முகத்தில் வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்தி, மற்ற விரல்களால் தாடையைத் தூக்கிப் பிடித்தார். இன்னொரு கையால் அதோடு இணைந்த காற்றுப் பையை அமுக்கினார். ஓரத்தில் ஒரு பொட்டுக் காற்று கசிந்தாலும் பயனில்லை. டாக்டர் வரும்வரை விடவில்லை. நோயாளி பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பும்போது பஸ்ஸில் லூசி தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். விரல்கள் இன்னும் வலித்தன. மைக்கை இத்தனை நாளும் பூப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆம்ப்பைச் சுவரோரமாகத் தள்ளி, தன்னைப் பார்க்காதபடி திருப்பி வைத்தார். கீச்சுக் குமிழை அடியோடு குறைத்து, கனத்த ஓசையைக் கூட்டினார். வால்யூமைக் கொஞ்சமாக வைத்தார். மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து, இடுக்கில்லாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அடைத்தார். ஒரே ஒரு சுரத்தை உள்ளே இழுத்து வளைத்தார்.

கரகரத்து, தடித்து, ஓரங்கள் கருகினாற்போல் வந்தது அது. அறையின் தரை லேசாக அதிர்ந்தது. ஞானசீலன் பாதி சவரத்தில் முகத்து நுரையோடு வெளியே வந்தார்.

"நீ சொன்னது இதானா?"

"இதேதான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்து, "இன்னொரு தடவை வாசி" என்றார்.

மே மாதம் மருத்துவமனையில் செவிலியர் தின விழா. லூசி பெயர் கொடுத்துவிட்டார். ஒலிபெருக்கி ஏற்பாடு செய்த ஹரிஷங்கர் அவருடைய மைக்கை வாங்கித் தன் மிக்சரில் சொருகப் போனார். லூசி இந்தியில் தடுத்தார். "அண்ணா, என் மைக் இந்த டப்பாவுக்குள்ளதான் போகணும். உங்க மைக்கை இந்த டப்பா முன்னால வைங்க." ஹரிஷங்கருக்கு விசித்திரமாக இருந்தது. ஆனாலும் அப்படியே செய்தார். சோதனையில் ஒருமுறை கீச்சிட்டது. ஞானசீலன் மேடையேறி, ஆம்ப்பைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஓரமாக நகர்த்திவிட்டு இறங்கினார்.

எல்லாரும் சினிமாப் பாட்டை எதிர்பார்த்திருந்தார்கள். லூசி காலால் தாளம் தட்டியபடி, தானே கோத்துக்கொண்ட மெதுவான ப்ளூஸ் ஒன்றை ஆரம்பித்தார். முன்வரிசை டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னால் கேன்டீன்காரர் ஒருவர் கால் தாளத்தோடு சேர்ந்து கைதட்டத் தொடங்க, வார்டு ஆயாக்கள் பிடித்துக்கொண்டார்கள். பாதியில் லூசிக்கு மூச்சு தீர்ந்தது. வாயிலிருந்து எடுத்துவிட்டு, சிரித்து, நிதானமாக மூச்சு வாங்கினார். அது வரைக்கும் கைதட்டல் தாளத்தை விடாமல் காத்திருந்தது. மறுபடி உள்ளே புகுந்து முடித்தார்.

மேடைக்கு ஓரமாக சுபாஷிணி நின்றிருந்தாள். "சிஸ்டர், அடுத்த மாசம் மூச்சு டெஸ்ட்டுக்கு வர வேண்டாம். நான் பாஸ் போட்டாச்சு."

"அதெப்படி? வருவேன். நம்பர் பாக்கணும்லா" என்றார் லூசி.

இப்போது மாதம் ஒருமுறை தெற்கு தில்லியில் ஒரு காபிக்கடையில் இசைக்கருவி வாசிப்பவர்கள் கூடுகிறார்கள். லூசி ஆம்ப்போடு போகிறார். டிரான்ஸ்ஃபார்மர் ஞானசீலன் கையில். வாசிப்பு முடிந்ததும் அவர் கிடார்க்காரப் பிள்ளைகளோடு ட்யூப்களைப் பற்றி வாதாடுவார், கிளம்ப மாட்டார். போன தடவை அவர்கள் லூசியைத் தங்கள் குழுவில் சேரக் கேட்டார்கள். டியூட்டி சார்ட் வந்ததும் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலை ஷிஃப்ட். முந்தின நாள் வாசித்ததில் உதட்டோரம் எரிந்தது. கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டு, டப்பாவில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினார்.