சொர்ணபாய் டீச்சர் தேர்ந்தெடுத்த பைனாகுலர்

சென்ற திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் தலைமையாசிரியர் மூன்று அறிவிப்புகள் சொன்னார். புதன்கிழமை காலரா ஊசி போட வருகிறார்கள். குழாயடியில் யாரும் தட்டுக் கழுவக் கூடாது. முன்பு நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்த சொர்ணபாய் டீச்சர் காலமாகிவிட்டார். பிள்ளைகளுக்கு ஊசிதான் பெரிய செய்தி. முன்வரிசையில் ஒன்று அழவே ஆரம்பித்துவிட்டது. மணி அடித்தது, வகுப்புக்குப் போனோம். நானும் போய் ஏழாம் வாய்ப்பாடு நடத்தினேன்.

மஞ்சள் காமாலை என்று மத்தியானம் தெரிந்தது. சாத்தான்குளத்துக்கு அப்பால் செம்மணல் தேரிக்காட்டில், காலையில் ஒரு பஸ்ஸும் மாலையில் ஒரு பஸ்ஸும் வரும் ஊரில் தனியாக இருந்திருக்கிறார். தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது கண் திறக்கவில்லையாம். வயது நாற்பத்திரண்டு.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் என்றால், ஆசிரியர் அறையில் அவரோடு உட்கார்ந்து அவித்த பயறு தின்ற பதினொரு பேர். அவர் ஏன் அந்த ஊருக்குப் போனார் என்பது நமக்குத் தெரியும். நாம்தான் அனுப்பினோம்.

புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கிய வருஷம் அது. நம் பள்ளி மொட்டை மாடியில் நின்றால் கப்பல் ஒரு புள்ளியாகத் தெரியும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் காட்டிக் கேள்வி கேட்டுக் கேட்டு டீச்சரைத் துளைத்தெடுத்துவிட்டார்கள். பள்ளிக்குப் புது வகுப்பறை கட்டித் தருவதாகச் சொல்லியிருந்த உப்பள முதலாளி அண்ணாச்சியிடம் டீச்சரே போய், பிள்ளைகளுக்கு ஒரு பைனாகுலர் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். "நீங்களே பாத்து வைங்க டீச்சர், வாங்கிருவோம்" என்றார் அண்ணாச்சி. கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான்களை வாங்கி விற்கும் கடை ஒன்று கடற்கரைச் சாலையில் இருந்தது. கடைக்காரர் எனக்குப் பழக்கம் என்பதால் டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கூடவே தம் வகுப்புச் செல்வமேரியையும் அழைத்து வந்தார். திரேஸ்புரத்துப் பெண், எட்டு வயது. டீச்சர் கையில் ஒரு ஸ்கேல். கடைக்குள் நுழைந்ததும் டீச்சர் அந்தப் பெண்ணின் மூக்குக்கு மேலே ஸ்கேலை வைத்து இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்தார். "என்ன டீச்சர், சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "புள்ளையளுக்குக் கண்ணு ரெண்டும் கிட்டக் கிட்ட இருக்கும் சார்வாள். பெரிய ஆளு சாமான எவ்வளவு மடக்குனாலும் குழல் ரெண்டும் வெளிய போயி நிக்கும். அப்புறம் புள்ளை எதப் பாக்கும்? இருட்டத்தான் பாக்கும்."

ஒவ்வொன்றாக எடுத்து அவள் கழுத்தில் மாட்டி, நூறு எண்ணும்வரை நிற்கச் சொன்னார். தலை குனிந்தால் அந்தச் சாமான் வேண்டாம். விளிம்பு பித்தளையாக இருந்தால் வேண்டாம், மூக்கில் இடிக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். "புள்ளை கை ஆடுனா அதுல கப்பலும் பத்து மடங்கு ஆடும். ஆறு மடங்கு போதும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் பெயிண்ட் உரிந்த சின்னது ஒன்று கிடைத்தது. அதைப் பிடித்தபடி செல்வமேரி வாசலில் நின்றாள். "தெரியுதாளா?" என்று நான் கேட்டேன். டீச்சர் என்னைத் தடுத்தார். "தெரியுதான்னு கேட்டா புள்ளை தெரியுதுன்னுதான் சொல்லும் சார்வாள். என்ன தெரியுதுன்னு கேளுங்க."

கேட்டேன். "தோணியில மூணு பேரு நிக்காவ சார். ஒருத்தரு வெத்தலை போடுதாரு" என்றாள்.

உப்பள அண்ணாச்சிக்கு அந்தச் சின்னது பிடிக்கவில்லை. "உரிஞ்சு போன சாமானக் குடுத்து என் பேரக் கெடுக்கச் சொல்லுதீயளா?" என்று கேட்டுவிட்டு, கப்பல் கேப்டன் வைத்திருப்பது போல் ஒன்றைத் தோல் பெட்டியோடு வாங்கி வந்தார். தூக்கிப் பார்த்தபோது என் மணிக்கட்டே வலித்தது. நம் ஊரில் அன்பளிப்பை எடை பார்த்துத்தானே மதிக்கிறோம்! டீச்சர் வேண்டாம் என்று தாளாளரிடம் இரண்டு முறை போய்ச் சொன்னார். "கொடுக்கிறவங்க கையைப் பிடிக்கக் கூடாதும்மா" என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பைனாகுலரைப் பள்ளிக்குக் கொடுக்கும் விழாவுக்கு முந்தின நாள் பிள்ளைகளைத் தயார்படுத்தும் வேலை எனக்கு வந்தது. நம் பள்ளியில் அது ஒரு வழக்கம். விருந்தினர் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கிவிடுவோம். பால் பவுடர் கொடுத்தவர் வந்தால் "ருசியா இருக்கு ஐயா". இந்த முறை "நல்லாத் தெரியுது ஐயா". நாற்பது பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, வெறுங்கையைக் கண்ணில் குவித்து வைக்கச் சொல்லிப் பழக்கினேன். பைனாகுலரைப் பார்க்கும் முன்பே அவர்கள் "நல்லாத் தெரியுது ஐயா" என்று பாடம் ஒப்பித்தார்கள். டீச்சர் வராந்தாவில் நின்று இதைப் பார்த்தார்.

மறுநாள் மொட்டை மாடியில் மைக், மாலை, தாளாளர், அண்ணாச்சி. பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தப் பாரத்தைத் தூக்க முடியாமல் தூக்கி, "நல்லாத் தெரியுது ஐயா" என்று சொல்லி நகர்ந்தார்கள். அண்ணாச்சியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. செல்வமேரியின் முறை வந்தபோது டீச்சர் அவள் பக்கத்தில் குனிந்து, "என்னளா தெரியுது?" என்று கேட்டார்.

"கருப்பா இருக்கு டீச்சர்."

மைக் அவள் சொன்னதை எடுத்துத் தெருவரைக்கும் கேட்க வைத்தது. அண்ணாச்சி எழுந்து போய்விட்டார். போட்ட மாலையைக் கூட எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பறை கைவிட்டுப் போய்விடும் என்று தாளாளர் பயந்தார். மூன்றாம் நாள் ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட ஒரு கடிதம் சுற்றுக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் கப்பலைத் தெளிவாகக் கண்டார்கள் என்றும், ஆசிரியை சொர்ணபாய் ஒரு சிறுமியைப் பொய் சொல்லப் பழக்கி விருந்தினரை அவமதித்தார் என்றும் அதில் இருந்தது. பொய் சொல்லப் பழக்கியவன் நான். என் மகள் அப்போது மிஷன் பள்ளியில் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். மனு தாளாளர் மேஜையில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். என் பெயர் ஐந்தாவது. உங்கள் பெயர் எத்தனையாவது என்று உங்களுக்கு நினைவிருக்கும்.

அடுத்த மாதமே டீச்சரைத் தேரிக்காட்டு மிஷன் பள்ளிக்கு மாற்றினார்கள். துறைமுகத்தில் கணக்கராக இருந்த கணவர் இங்கே, அவர் அங்கே. அண்ணாச்சியின் பைனாகுலர் தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி பீரோவில் ஏறியது. இன்ஸ்பெக்டர் வந்தால் மட்டும் வெளியே வரும். இரண்டு வருஷம் கழித்துச் செல்வமேரி என் வகுப்புக்கு வந்தாள். கரும்பலகையை நான் மறைத்து நின்றுகொண்டே "தெரியுதா?" என்று கேட்டாலும், "தெரியுது சார்" என்றாள்.

தேர்தல் வேலைக்குப் போனபோது டீச்சரை ஒரே ஒரு முறை அந்த ஊரில் பார்த்தேன். அந்த உரிந்த சின்னப் பைனாகுலரைத் தானே வாங்கிக்கொண்டு போயிருந்தார். கடல் இல்லாத ஊர். பிள்ளைகள் அதை வைத்துப் பனையேறியைப் பார்த்து, "பாளையச் சீவுதாரு, அருவாள இடுப்புல சொருகுதாரு" என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். குடித்து முடித்ததும் நானாகவே கையெழுத்துப் பேச்சை எடுத்தேன்.

"கையெழுத்த விடுங்க சார்வாள். குடும்பம் இருக்கு, போட்டிய. நாப்பது புள்ளையளுக்கு, காணாதத கண்டேன்னு சொல்லச் சொல்லிக் குடுத்தியள்லா? அத என்னால மன்னிக்க முடியல" என்றார். பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தார்.

நேற்று இரங்கல் தீர்மானம் கையெழுத்துக்கு வந்தது. "கிராமப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யத் தம் சொந்த விருப்பத்தின் பேரில் மாறுதல் பெற்றுச் சென்ற" என்று எழுதியிருந்தார்கள். "இது யார் சொன்னது?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "செத்தவங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கட்டுமே சார்வாள்" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. இதைப் பெரிய வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு. மகளுக்கு வேலை கிடைத்து மூன்று வருஷமாகிறது. இனி என்னை எந்தத் தேரிக்காட்டுக்கும் யாரும் அனுப்ப முடியாது.

டீச்சரின் நினைவாக என்னிடம் படமோ பொருளோ எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தில் நான் எழுதியிருக்க வேண்டிய இரண்டு வரிகள்தான் இருக்கின்றன. அவர் உயிரோடு இருந்தபோது எழுதாததை இங்கே எழுதிக் கையெழுத்திடுகிறேன். அன்று மொட்டை மாடியில் நாற்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் கப்பல் தெரியவில்லை. அதை ஒரு பிள்ளை சொன்னது, சொர்ணபாய் டீச்சர் கேட்டதால்.