முட்டை லோடு, பத்துச் சுற்று

“...அதையெல்லாம் நான் இல்லீன்னு சொல்லலை அம்மிணி. தொடச்சிருக்கறே, ஒயர் மாத்தியிருக்கறே, ஓடவும் வச்சுட்டே. ஆனா சாமான் யாருக்கு வந்துச்சு? எனக்கு வந்துச்சு. அப்ப அது என்ற பட்டறை ஆபீஸ்ல இருக்கறதுதானே நாயம்.”

மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் அண்ணன் வழக்கை நடத்தித் தீர்ப்பும் சொல்லிவிட்டார். பின்னால் வந்த அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே, “நாலு நாளா இதே பாட்டுத்தான் அம்மிணி. சோத்துல கைய வச்சாலும் என்ற காரு, என்ற காருங்கறாரு” என்றார்.

சாமான் என்று அவர் சொன்னது ஸ்லாட் கார் செட்டை. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்து மேசைமேல் ஒரு சாலை போட வேண்டும். சாலையில் இரண்டு காடிகள், பலகையில் தச்சர் இழுக்கிற காடி மாதிரி. காரின் வயிற்றில் இருக்கும் முள் அந்தக் காடிக்குள் இறங்கி நிற்கும். காடியின் இரு ஓரத்திலும் தகடு ஓடுகிறது. அதிலிருந்து கரண்டு எடுத்துக்கொண்டு கார் போகும். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு விசை. அழுத்தினால் வேகம், விட்டால் நின்றுவிடும். ஸ்டீயரிங் கிடையாது. வளைவில் விரலைத் தளர்த்தத் தெரியாதவரின் கார் பறந்துபோய்ச் சுவரில் மோதும். விளையாட்டு அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்குள் நான் மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன்.

நாமக்கல்லில் எங்கள் அப்பா லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். இப்போது அதை அண்ணன் நடத்துகிறார். சிங்கப்பூர் போய் வந்த லாரி முதலாளி ஒருவர், தமக்குக் கட்டிக்கொடுத்த பாடியைப் பார்த்து மனம் குளிர்ந்து, “பையனுக்கு” என்று இந்தப் பெட்டியை அப்பாவிடம் கொடுத்தார். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. விசைகள் இரண்டு. ஒன்று அண்ணனுக்கு. இன்னொன்று அன்றைக்கு எந்தச் சிநேகிதன் வருகிறானோ அவனுக்கு. வளைவில் விழுகிற காரை எடுத்து மறுபடி காடியில் வைக்கிற வேலை எனக்கு. “எடுத்து வைக்கறதுல நீ கெட்டிக்காரி” என்பார். அதைப் பாராட்டு என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஆகையால், பழைய விளையாட்டுக்குத் திரும்பி வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அப்போது நான் ஒரு சுற்றுகூட ஓட்டியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நாமக்கல் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அண்ணிதான் போனில் கூப்பிட்டு, “இது வேணுமா, பழைய இரும்புக்காரருக்குப் போடட்டுமா?” என்றார். நாங்கள் இருக்கும் ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டிக்கெட் கொடுத்தவர் பெட்டியின் படத்தைப் பார்த்து, “பேரனுக்குங்களா?” என்றார். “எனக்குங்க” என்றேன். “அப்ப ஃபுல் டிக்கெட்தான்” என்றார். சிலர் இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அதை ஒரு வாரம் வைத்துச் சிரிப்பேன்.

முப்பது வருடம் ஜாக்கெட் தைத்தவள் நான். கண் லேசாக மங்கியதும் கடையை விட்டுவிட்டேன். இரண்டு தையல் மிஷின் மேசைகளும் மாடியில் சும்மா கிடந்தன. அவற்றின்மேல் பிளைவுட் போட்டுச் சாலையை விரித்தோம். கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர், செத்துப்போன பழைய டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு அடாப்டர் வைத்தார். தகட்டுத் துருவை நான் உப்புத்தாளால் தேய்த்தேன். முதல் கார் முனகிக்கொண்டு நகர்ந்தபோது அவர், “லைன்ல சப்ளை வந்துருச்சு” என்றார், ஊருக்கே கரண்டு வந்த தோரணையில்.

செட்டில் இருந்தவை ஒரு சிவப்பு, ஒரு நீலம். இரண்டும் பந்தயக் கார்கள். அவற்றை ஓட்டி ஓட்டி எனக்குச் சலித்துவிட்டது. சேலம் ரோட்டில் அந்த மாதிரி ஒரு வண்டியை நான் பார்த்ததே இல்லை. நாம் பார்க்கிற வண்டி ஓடினால் என்ன என்று தோன்றியது. எங்கெங்கோ வெளிநாட்டில் நரைத்த தாடிக்காரர்கள் கார் கட்டுகிற வீடியோக்களைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பேன். அவர்கள் பேச்சு புரியாது, கை புரியும். குட்டி மோட்டார், பல்சக்கரம், முள், தகட்டைத் தொடும் செம்புப் பின்னல் எல்லாம் கூரியரில் வந்தன. முதலில், கூரையில் கேரியர் வைத்த வெள்ளை வாடகைக் கார் ஒன்று செய்தேன். அடுத்தது டவுன் பஸ். ஜன்னல் கம்பிக்கு ஊசிகளை வெட்டிப் போட்டேன். மூன்றாவதுதான் முட்டை லாரி.

அந்த லாரிக்கு எட்டு மாதம் பிடித்தது. ஒரு சாண் நீளம். பாடிக்கு ஃபோம் ஷீட், பக்கப் பலகைக்கு ஐஸ் குச்சி. முகப்பில் பூவேலையை நகப்பாலிஷ் தொட்டு ஊசி முனையால் வரைந்தேன். தார்ப்பாய் கிழிந்த குடைத்துணி. முட்டைத் தட்டை ஊறவைத்துப் பிசைந்து, சட்டைப் பட்டன்களை அச்சாக வைத்துக் குட்டித் தட்டுகள் செய்தேன். முட்டைக்கு என்ன செய்வது என்றுதான் பத்து நாள் திண்டாடினேன். பாசிமணி மின்னியது, கடுகு கறுப்பு. கடைசியில் பாயசத்துக்கு அளந்து வைத்த ஜவ்வரிசியைப் பார்த்து அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம் இல்லை.

பார்க்க நன்றாக இருந்தது. ஓட்டினால் முதல் வளைவிலேயே படுத்துக்கொண்டது. உயரமான வண்டி, பாரமெல்லாம் மேலே. வீல் பேலன்ஸ் பார்க்கும் கடைக்குப் போய்ப் பழைய ஈயக்கட்டை நாலு கேட்டேன். “என்ன வண்டிங்க்கா?” என்றார் கடைக்காரர். லாரி என்றேன். “லாரிக்கு இத்தனூண்டு போதாதுங்களே.” மேசைமேல் ஓடுகிற லாரி என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப டோல்கேட் மிச்சம்” என்று கையில் ஆறாக எடுத்துக் கொடுத்தார். ஈயத்தை அடியில் ஒட்டியதும் லாரி சமாளித்தது. ஆனாலும் மெல்லப் போனால்தான். மூன்று சுற்றுக்கு ஒரு தரம் கவிழும்.

அது ஓடுவதை வீட்டுக்காரர் போனில் பிடித்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார். அதுவரை பெட்டியை மறந்தே போயிருந்த அண்ணனுக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் கார் டிக்கியைக் காலி செய்துகொண்டு வந்து நின்றார்.

“என்னோட லாரியை எங்க ஓட்டறது, சாலையை நீங்க எடுத்துட்டுப் போயிட்டா?” என்றேன்.

“பட்டறைக்கு வந்து ஓட்டு. யாரு வேண்டாங்கறது? பார்ட்டிங்க வந்தா காட்டலாமில்ல. எந்தங்கச்சி கட்டுன பாடின்னு சொல்லுவனே.”

அவர் ஆபீசில், அவர் மேசைமேல். விசை யார் கையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அண்ணன் லாரியைக் கையில் எடுத்தார். பட்டறையில் செய்வது போலவே பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கவிழ்த்து, அடியில் குறுக்கே போட்ட குச்சிகளைப் பார்த்தார். “கிராஸ் பீமெல்லாம் போட்டிருக்கறயே” என்றார். பிறகு மூட்டையைப் பிரிக்காமலே விலை சொல்கிறவர் மாதிரி, “ஆனா இது நிக்காது அம்மிணி. முட்டை லோடு மேல தூக்கி அடிக்கும். பத்துச் சுத்துத் தாங்காது” என்றார்.

“தாங்கினா?”

“தாங்கினா நீயே வச்சுக்க. நான் இந்தப் பக்கமே வாரலை.”

வீட்டுக்காரர் இடையில் புகுந்தார். “மச்சான், சொன்னாப் போதாதுங்க. எதுத்த லைன்ல நீங்களும் ஓட்டோணும். காலி ரோட்டுல யாரு வேணாலும் போவாங்க.”

“சரீங் மாப்ள. சிவப்புக் காரு எனக்கு. அது எத்தனை தரம் விழுந்தாலும் கணக்கில்லை, நீங்க எடுத்து வச்சுருங்க. லாரி ஒரு தரம் விழுந்தாலும் செட்டு என்னோடது. விழ வேண்டாம், நடுவழியில நின்னாலே போச்சு. முட்டை நேரத்துக்குப் போகோணுமில்ல?”

நான் சம்மதித்தேன். விசையைக் கையில் எடுத்தபோது அண்ணன், “இரு, இரு. பூசை போட்டாச்சா?” என்றார்.

“எதுக்குங் அண்ணா?”

“புது வண்டி. பூசை போடாத வண்டியை நம்ம அப்பன் பட்டறை கேட்டைத் தாண்ட விட்டதில்லை, நானும் விட்டதில்லை. எலுமிச்சம்பழம் கொண்டா.”

செட்டையே பறிக்க வந்தவர் வண்டிக்கு நல்லது செய்யாமல் விடமாட்டேன் என்கிறார். அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருப்பதில் சிறியதாகப் பார்த்து ஒரு பழம் கொண்டுவந்தேன். அதுவே சக்கரத்தைவிடப் பெரியது. அண்ணன் அதை நறுக்கி நாலு சக்கரத்துக்கு அடியிலும் ஒவ்வொரு துண்டு வைத்தார். முகப்புக் கண்ணாடிக்கு மேலே குங்குமம் தொட்டு வைத்தார். சூடம் மட்டும் வேண்டாம், குடைத்துணி பற்றிக்கொள்ளும் என்று கெஞ்சினேன். அதற்குப் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார். பிறகு லாரியின் தலையில் கையை வைத்து, “மருதமலை முருகா” என்று அழுத்தி நசுக்கினார்.

சாறு சாலையெங்கும் வழிந்தது. துண்டுகளைப் பொறுக்கிவிட்டு விசையை அழுத்தினேன். லாரி அரையடி போய் நின்று, பின்சக்கரம் மட்டும் சுழன்றது.

“நின்னுருச்சு” என்றார் அண்ணன்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்.”

“வண்டி கெளம்புச்சா இல்லையா?”

வீட்டுக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு காடிக்குள் ஊக்கை விட்டுக் கிளறினார். ஊக்கின் முனையில் ஒரு எலுமிச்சை விதை வந்தது. அதை அண்ணனின் உள்ளங்கையில் வைத்து, “உங்க பூசைங்க மச்சான்” என்றார்.

அண்ணன் விதையை உற்றுப் பார்த்தார். “ரோட்டுல கல்லுக் கெடந்தா வண்டி என்ன பண்ணும்? சரி, மொதல்ல இருந்து வா” என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

காது குடையும் பஞ்சால் நானும் அண்ணியும் தகட்டைத் துடைக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குள் அண்ணன் சிவப்புக் காரைத் தன் பக்கக் காடியில் வைத்து, விசையை நாலு தரம் வெறுமனே அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

புறப்பட்டோம். சிவப்புக் கார் சீறிக்கொண்டு போய் முதல் வளைவிலேயே ஜன்னல் பக்கம் பறந்தது. வீட்டுக்காரர் ஓடிப்போய் எடுத்து வந்தார். நான் நேர் ரோட்டில் பாதி அழுத்துவேன், வளைவுக்கு ஒரு கை தூரம் முன்னமே தளர்த்துவேன். ஜாக்கெட் கையைச் சுற்றி மிஷினில் ஓட்டுகிறபோது கால் செய்கிற வேலையை இங்கே விரல் செய்கிறது. ஒவ்வொரு வளைவிலும் முட்டைத் தட்டுகள் வெளிப்பக்கமாகச் சாய்வது தெரிந்தது. அண்ணி வாய்விட்டு எண்ணினார். நாலு. அஞ்சு. ஆறாவது சுற்றில் உள்சக்கரம் நிஜமாகவே தூக்கியது. விரலை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். மறுபடி இறங்கிக்கொண்டது.

“மெதுவா போ அம்மிணி, வளைவுல கட் பண்ணாதே” என்றார் அண்ணன். அவர் எதிராளி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மறுநொடி ஞாபகம் வந்து, தன் விசையை முழுக்க அழுத்தினார்.

ஒன்பது எண்ணியாகிவிட்டது. கடைசிச் சுற்று. வீட்டுக்காரர் மேசையின் அந்தக் கோடியில், ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். சிவப்புக் கார் என்னைத் தாண்டி வந்து, அண்ணனுக்கு நேர் எதிரே இருந்த வளைவில் காடியை விட்டு எகிறியது. இந்த முறை சுவருக்குப் போகவில்லை. இரண்டு உருட்டு உருண்டு, என் காடியின் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

லாரி மூன்று கை தூரத்தில் வந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் தோற்றேன். நிறுத்தாவிட்டால் மோதிக் கவிழ்ந்து தோற்றேன். வீட்டுக்காரருக்குக் கை எட்டாது. நான் விரலை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அண்ணனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சும்மா நின்றால் போதும், டிக்கி காலியாகத்தான் இருக்கிறது.

“லாரி வருது, லாரி வருது” என்று பதறிக்கொண்டு அண்ணன் கையிலிருந்த விசையைக் கீழே போட்டார். தொப்பை மேசையில் இடிக்கக் குனிந்து, சிவப்புக் காரை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, ரோட்டோரம் ஒதுங்கி நிற்கிறவர் மாதிரி ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றார். லாரி அவரைத் தாண்டிப் போய்ச் சுற்றை முடித்ததும் அண்ணி, “பத்து” என்றார்.