திலகக்காவின் சான்றிதழில் நான் துடைத்த கறை

செய்தி வந்தபோது நான் டொக்லண்ட்ஸில் ஒரு சேர்வர் அறைக்குள் நின்றேன். அங்கே கைத்தொலைபேசி வேலை செய்யாது. வேலையை முடித்து வெளியே வந்து பார்த்தால் ஒரே செய்தி ஆறு பேரிடமிருந்து வந்திருந்தது: "திலகக்கா மோசம் போயிட்டா." ஆறாவது ஆள், அந்த வரிக்குக் கீழேயே, தன்னுடைய லப்டொப் திருத்தி முடிந்ததா என்றும் கேட்டிருந்தார். அக்கா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். ஆறு பேரில் நடிக்காதவன் அவன் ஒருத்தன்தான் என்றும் சொல்லியிருப்பார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி அக்காவின் மகள் அபிராமி கேட்டாள். நான் எழுத்தாளன் இல்லை. கணினி வலையமைப்பு பூட்டுகிறவன். பிளேஸ்டோவில் அக்காவின் வீட்டு மேலறையில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தேன். அவ்வளவுதான் என் தகுதி. இந்த மலரின் மற்றப் பக்கங்களில் அவர் அன்பே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்று இருக்கும். அவரைத் தெரிந்த உங்களுக்கு அது பொய் என்று தெரியும். அக்காவின் வாயில் அகப்பட்டு அழாமல் வீடு போனவர்கள் உங்களில் எத்தனை பேர்?

ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இருந்த சொலிசிட்டர் அலுவலகத்தில்தான் அவருக்கு வேலை. பதவியின் பெயர் மொழிபெயர்ப்பாளர். உண்மையில் அகதி வழக்குகளின் வாக்குமூலங்கள் அத்தனையும் அவர் எழுதியவை. சொலிசிட்டர் வாசிக்காமலே கையெழுத்து வைப்பார். வருகிற ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் அக்கா 'பெற்றது' என்று எழுதித் திகதி போடுவார், கீழே 'முடிவு' என்று எழுதி இடம் விடுவார், பக்கத்தில் பாஸ்போர்ட்டில் இருந்தபடி 'டி. கணேசன்' என்று கையெழுத்திடுவார். சனிக்கிழமைகளில் அங்கே கணினி பார்க்கப் போவேன். ஒருநாள் ஓர் அம்மா தன் கதையைத் தொடங்கி விம்மியபோது அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அழுகிறதெண்டால் வெளியில போய் அழுதிட்டு வாங்கோ. கண்ணீரை ஒருத்தரும் பைலில வைக்க மாட்டினம். எனக்குத் திகதியைச் சொல்லுங்கோ." அந்த அம்மா படியிறங்கும்போது, இந்த மனிசிக்கு நெஞ்சில ஈரமே இல்லை என்று என்னிடம் சொன்னார். அவருக்கு விசா கிடைத்தது. திகதிகள் எல்லாம் சரியாக இருந்தன. பழத்தட்டோடு நன்றி சொல்லப் போனது சொலிசிட்டரிடம்.

இங்கே வழக்கறிஞராகப் பதிவில்லாதவர் விசாரணையில் எழும்பிப் பேசக் கூடாது என்பது சொலிசிட்டரின் கட்டளை. அக்கா பின்னால் உட்கார்ந்திருப்பார். யாழ்ப்பாணக் கோர்ட்டில் பதினொரு வருடம் சட்டத்தரணியாக எழும்பி நின்று பேசியவர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் ஒருவரின் வழக்கில் சொலிசிட்டர் பிழையான பக்கத்தை வாசித்தார். அக்கா ஒரு துண்டில் எழுதி முன்னுக்கு நீட்டினார். சொலிசிட்டர் அதைப் பார்க்காமலே மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். வழக்குத் தோற்றது. அந்த மனிதரை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அன்று வீட்டில் மீன் கழுவிக்கொண்டே அக்கா சொன்னார்: "அந்தத் துண்டு இன்னும் அந்தாளின்ர கோட்டுக்குள்ள கிடக்கும். எனக்கு ஒரு நிமிசம் எழும்பி நிக்க விட்டிருந்தால் காணும்."

அடுத்த கிழமை விலக்கு மனுவைத் தொடங்கினார். விதி இதுதான்: எங்கள் நாட்டுச் சட்டத்தரணி இங்கே பதிவுப் பரீட்சை எழுத வேண்டுமென்றால் முதலில் இங்குள்ள சட்டக் கல்லூரியில் முழுநேரமாக ஒரு வருடம் படிக்க வேண்டும். வேலையை விட்டுப் படிக்க அக்காவால் ஏலாது. வயது நாற்பத்தேழு. கணவர் கணேசன் பிரான்சில் இன்னொரு குடும்பத்தோடு இருந்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஆனால், படிப்பும் அனுபவமும் போதும் என்று ஒரு குழு ஏற்றுக்கொண்டால் கல்லூரியிலிருந்து விலக்குக் கிடைக்கும், நேரே பரீட்சைக்குப் போகலாம். அக்கா கேட்டது அவ்வளவுதான். பரீட்சையே வேண்டாம் என்று கேட்கவில்லை.

நான் தட்டச்சு செய்தேன். முப்பத்திரண்டு பக்கம். ஒவ்வொரு காற்புள்ளியையும் திருத்தினார். "இது என்ன வாக்கியமா, வாலறுந்த பட்டமா?" என்று திருப்பி எறிந்த பக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இணைப்புகளை மட்டும் என்னிடம் விட்டார். ஸ்கான் பண்ணுவது என் வேலை, அதில் எனக்குப் பிழை வராது என்று நம்பினார்.

கொழும்புச் சட்டக் கல்லூரிச் சான்றிதழ் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. இடம்பெயர்ந்து கடல்நீரேரியைக் கடந்தபோது அவருடைய பையோடு நனைந்தது. பெயருக்கு முன்னால் இருந்த எழுத்தின் மேல் மண்ணிறக் கறை படிந்து ஒன்றும் தெரியாது. புதுப் பிரதி கேட்டுக் கொழும்புக்கு மூன்று கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

எனக்குக் கறை பிடிக்காது. படத்தில் தேவையில்லாதது இருந்தால் அகற்ற வேண்டும் என்பது நான் படித்த படிப்பு. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கறையைத் துடைத்தேன். தாள் புதிதுபோல வந்தது. முதலெழுத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அதை அப்படியே விட மனம் வரவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். திலகவதி கணேசன். அதே எழுத்துருவில் ஒரு 'ஜி' செய்து பொருத்தினேன். நல்ல வேலை. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. மற்ற இணைப்புகளுக்கு நடுவே அதை வைத்தேன். சொலிசிட்டர் மூலத்தைக் கேட்காமல், 'உண்மைப் பிரதி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

நான் பதினொரு வயதில் ஜெர்மனிக்குப் போனவன். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு பெயர். எங்கள் பெண்கள் கலியாணம் வரை தகப்பனின் எழுத்தோடும், அதற்குப் பிறகு கணவனின் எழுத்தோடும் போவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா சான்றிதழ் எடுத்தபோது கலியாணமே ஆகவில்லை. விவாகப் பதிவுத் துண்டும் அதே கட்டுக்குள் நாலு பக்கம் தள்ளி இருந்தது. குழுவில் யாரோ ஒருவர் இரண்டு திகதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு மூலத்தைக் கேட்டு வாங்கினார்.

பதில் இரண்டு பந்தி. விலக்கு மறுக்கப்படுகிறது. மாற்றப்பட்ட ஆவணம் சமர்ப்பிக்கப்பட்டதால் விண்ணப்பதாரரின் நேர்மை குறித்துப் பதிவில் குறிப்பு வைக்கப்படுகிறது.

அக்கா அதைச் சமையலறை மேசையில் வைத்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஜி எங்கயிருந்து வந்தது, தம்பி?"

பாஸ்போர்ட்டிலிருந்து என்றேன்.

"விட்டிட்டுப் போன மனிசனுக்கு என்னை ஆறு வருசம் முந்தியே கட்டிக் குடுத்திட்டாய். என்ர அப்பாவே அவ்வளவு அவசரப்படேல்லை."

நான்தான் செய்தேன் என்று குழுவுக்கு எழுதுவோம், நான் கையெழுத்து வைக்கிறேன் என்றேன். அக்கா மனுவின் கடைசிப் பக்கத்தை என் முன்னால் தள்ளினார். "நீ அடிச்ச பக்கம்தானே, வாசி. 'இணைப்புகள் அனைத்தையும் நானே சரிபார்த்தேன்.' கீழ என்ர கையெழுத்து. நீ செய்தனி எண்டால் நான் பார்க்கேல்லை. நான் பார்க்கேல்லை எண்டால் இது பொய். கள்ளியோ பொய்க்காரியோ, எதெண்டு நீயே சொல்லு."

அந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்களோடு சேர்த்து அடுக்கி வைத்தேன்.

சொலிசிட்டரிடம் விளக்கம் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தந்ததை நம்பினேன் என்று எழுதிக் கொடுத்துத் தப்பினார். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. வாக்குமூலங்களை வேறு யார் எழுதுவது? ஆனால் கதை வெளியே வந்தது. கோயில் அன்னதான வரிசையில் 'கள்ளச் சேட்டிபிக்கற் லோயர்' என்று அவர் காதில் விழச் சொன்னார்கள். சொன்னவர்களில் சிலர் இந்த மலரையும் கையில் வைத்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்த எழுத்தை வைத்தவன் நான். வைத்தபோது அக்காவுக்குத் தெரியாது. உங்களில் ஒருவருக்கும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை.

அதற்காக என்னைச் சும்மா விட்டார் என்று நினைக்க வேண்டாம். அதன் பிறகு அச்சடிக்க எந்தத் தாளைத் தந்தாலும், மின்சாரக் கட்டணத் துண்டாக இருந்தாலும், "ஒண்டையும் வடிவாக்காத" என்று சொல்லித்தான் தருவார். இரண்டு வருடம். ஒருநாளும் தவறவில்லை. என் சட்டையில் குழம்பு தெறித்தால், துடைக்காதே, யாருடைய குழம்பு என்று குழுவுக்குத் தெரிய வேண்டும் என்பார். அபிராமி சிரிப்பாள். நான் சிரித்ததில்லை.

புற்றுநோய் என்று தெரிந்தபோது பிந்திவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒருநாள், மற்றவர்கள் போன பிறகு, என்னை மன்னிக்க ஏலுமா என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மனுவாத் தா. கையால எழுது. உன்ர கொம்பியூட்டர் வேண்டாம்."

எழுதிக்கொண்டு போனேன். ஒரு பக்கம். கண்ணாடியைக் கேட்டுப் போட்டார். 'எனக்குத் தெரியாமல் நடந்த தவறு' என்று இருந்த இடத்தில், தெரியாமல் என்ற சொல்லை வெட்டினார்.

"தெரிஞ்சுதான் செய்தனி. தெரியாதது என்ர அப்பாவின்ர பேர். நாலு வருசம் என்ர வீட்டில இருந்தனி. ஒருக்காக் கேட்டனியோ?"

இல்லை என்றேன்.

"சரவணமுத்து," என்றார். "முடிவு தபாலில வரும். இப்ப போ."

ஒன்பதாம் நாள் செய்தி வந்தது.

தகனத்தன்று சொலிசிட்டர் பேசினார். எங்கள் அலுவலகம் கண்ட மிகச் சிறந்த மொழிபெயர்ப்பாளர் என்றார். பலர் தலையாட்டினீர்கள். அவர் போட்டிருந்த கோட்டின் பைகளையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலடி அலுமாரியிலிருந்து அபிராமி இரண்டு தாள் எடுத்துத் தந்தாள். ஒன்று கறை படிந்த சான்றிதழ். அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன், அது அவளுடையது. மற்றது என் மனு. அதை வைத்திருக்கிறேன். வெட்டின சொல் அப்படியே இருக்கிறது. வலது மூலையில் 'பெற்றது' என்றும், நான் போய்வந்த நாளின் திகதியும். அதன் கீழே 'முடிவு' என்று எழுதி விட்ட இடம் வெறுமையாக இருக்கிறது. பக்கத்தில், அவர் வைத்து நான் பார்த்தேயிராத கையெழுத்து:

எஸ். திலகவதி, சட்டத்தரணி.