மொறுமொறுப்பான சாம்பார் வடை

எங்கள் வீட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர் நுழைவது அவ்வளவு சுலபமில்லை. தப்பித் தவறி நுழைந்துவிட்டால் அதற்கு மறுபிறவி நிச்சயம். பால் கவர்கள் கழுவப்பட்டு, என் பள்ளிச் சட்டைக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டிக்கொண்டு கொடியில் காயும். அரிசி கழுவிய தண்ணீர் பால்கனியில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். பழைய நோட்டுகளில் மிஞ்சிய வெள்ளைத் தாள்களை அப்பா ஒன்றாகத் தைத்து அடுத்த வருஷத்து ரஃப் நோட்டாக்கிவிடுவார். டிவி விளம்பரத்தில் பார்த்த எதையாவது கேட்டால், "அது அவங்களுக்கு விக்கணும், நமக்கு வேணுமா?" என்பாள் அம்மா. அப்பாவுக்கு வங்கியில் வேலை, பணக் கஷ்டம் ஒன்றுமில்லை. அது என் வகுப்புத் தோழிகளுக்குத் தெரியாதே என்பதுதான் ஒன்பது வயதில் என்னுடைய கவலை.

இந்தச் சிக்கனத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விடுமுறை உண்டு. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்த ஹோட்டலிலிருந்து எட்டு சாம்பார் வடை வரும். அப்பா, அம்மா, தம்பி, நான், ஆளுக்கு இரண்டு. அதுவும் எங்கள் எவர்சில்வர் தூக்கில்தான் வரும். பார்சல் கவுண்டரில் இருந்த அண்ணன் வடைகளை அதில் போட்டு, கழுத்து வரைக்கும் சாம்பாரை ஊற்றுவார். பாத்திரம் கொண்டு வருகிறவர்களுக்கு எப்போதும் இரண்டு கரண்டி கூடுதல். பத்து நிமிஷம் நடந்து வீடு வந்து சேருவதற்குள் வடை ஊறி உப்பி, கரண்டி பட்டாலே உடைகிற பதத்துக்கு வந்துவிடும். அப்பா அந்தத் தூக்கை ஏதோ போட்டியில் ஜெயித்த கோப்பை மாதிரி எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக்கொண்டு நடப்பார். நான் நாலடி தள்ளிப் பின்னால் வருவேன்.

ஒரு ஞாயிறு அப்பாவுக்குக் கால் சுளுக்கு. முதல் முறையாக என்னைத் தனியாக அனுப்பினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹோட்டல் வாசலுக்குப் போகும்வரைதான் அந்தப் பெருமை நீடித்தது. அங்கே ஒரு காரிலிருந்து என் வகுப்புத் தோழி தன் அம்மாவோடு இறங்கினாள்.

"கையில என்னடி அது?"

"கோயிலுக்கு. பால் அபிஷேகத்துக்கு" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பதில் என்று எனக்கே தெரியாது.

"பாரு, இந்த வயசுல எவ்ளோ பக்தி" என்று அவள் அம்மா அவளுக்கு எடுத்துச் சொன்னார். வசமாக மாட்டிக்கொண்டேன். சாமிக்கு என்று சொல்லிவிட்ட பாத்திரத்தில், அவர்கள் கண் முன்னாலேயே வெங்காய சாம்பாரை எப்படி வாங்குவது?

வரிசையில் எனக்குப் பின்னாலேயே வந்து நின்றார்கள். கவுண்டர் அண்ணன் வழக்கம்போலக் கையை நீட்டினார். "இன்னா பாப்பா, நைனா வர்லியா? தூக்கைக் குடு."

"வேணாண்ணா. பார்சலே கட்டிடுங்க."

அவர் தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வடைகளை இலையில் மடித்து, சாம்பாரை நான்கு சின்னக் கவர்களில் ஊற்றி வெள்ளை நூலால் கட்டிக் கொடுத்தார்.

எங்கள் அடுக்குமாடியின் கீழே, மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பெட்டிகள் இருக்கும் இருட்டில் உட்கார்ந்து கவர்களைப் பிரித்தேன். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். கால்வாசி சாம்பார் என் கவுனுக்குப் போனது. மிச்சத்தைத் தூக்கில் கொட்டி வடைகளைப் போட்டு மூடினேன். கவர்களைக் கீழ் வீட்டுக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையாக மாடி ஏறினேன்.

அம்மா மூடியைத் திறந்து ஒரு கணம் உள்ளே பார்த்தாள். வடைகள் அடியில் கொஞ்சம் ஈரமாக, மேலே காய்ந்து கிடந்தன.

"இன்னிக்கு அவ்ளோதான் குடுத்தாங்க" என்றேன்.

"அவர் அப்படிக் குடுக்கிறவர் இல்லியே" என்று அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சின்னப் பொண்ணுன்னு ஏமாத்திட்டாங்களா? இரு, நான் போய்க் கேட்டுட்டு வரேன்." சுளுக்கிய காலோடு சட்டையைத் தேடினார்.

போனால் அந்த அண்ணன் நடந்ததைச் சொல்லிவிடுவார். சொல்லாமல் விட்டால், ஒரு தப்பும் செய்யாத அவருக்குத் திட்டு விழும். எப்படியானாலும் இனி என்னை நம்பி எதற்கும் தனியாக அனுப்ப மாட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அம்மா கரண்டியை உள்ளே விட்டு ஒரு வெள்ளை நூலை எடுத்தாள். அதை அப்பாவின் தட்டோரம் வைத்தாள்.

"உக்காருங்க. கூட்டத்துல அவசரமாப் போட்டிருப்பாரு."

அப்பா நூலைப் பார்த்தார். சாம்பார் கறை படிந்த என் கவுனைப் பார்த்தார். உட்கார்ந்து வடையைக் கடித்தார்.

"மொறுமொறுன்னு இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இவ்வளவு ஏமாளிகளா என் அப்பாவும் அம்மாவும் என்று ஆச்சரியப்பட்டேன். அன்றைக்கு அவர்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்து, பிளாஸ்டிக்கையும் பொய்யையும் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தால், நான் அந்தத் தூக்கை ஜென்மத்துக்கும் தொட்டிருக்க மாட்டேன். இன்று என் வீட்டு வடையும் தூக்கில்தான் வருகிறது. அவர்களுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

அந்த வாரம் அம்மா, அப்பாவின் பழைய பேண்ட் ஒன்றை வெட்டித் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அடி வட்டமாக, தூக்கு கச்சிதமாக உட்காரும்படி ஒரு பை. தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டை. மேலே மடித்துப் பொத்தான் போட்டுக்கொள்ள ஒரு மூடி. ஞாயிற்றுக்கிழமை தூக்கை அதற்குள் வைத்து, பொத்தானைப் போட்டு, "நீயே போய்ட்டு வா. சூடு கையில படாது" என்று என் தோளில் மாட்டிவிட்டாள்.

நானும் அதை நம்பிக் குஷியாகக் கிளம்பினேன். தூக்குக்கே மூடி இருக்கும்போது பைக்கு எதற்கு இன்னொரு மூடி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.