புலி பார்க்கப் பட்டுச்சேலை

நான் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எண்பதுகளின் தொடக்கத்தில், சித்தப்பா ஒருநாள் வந்து, "எல்லாரும் தேக்கடிக்குப் போயிப் படகுல புலி பாப்போம்" என்றார். எங்கள் ஊர் நாகல் நகரிலிருந்து மதுரைக்குக் கூட்டிப் போகவே ஆயிரம் யோசிக்கிற மனிதர். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

வேன் பேசியாயிற்று. புலிகள் காப்பகத்தில் படகு எத்தனை மணிக்கு, சீட்டு எங்கே வாங்குவது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வழியில் கம்பத்தில், தெரிந்தவர் ஒருவர் வீட்டில் 'செத்த நேரம்' இறங்கிக் காபி குடிப்பது மட்டும் உறுதியாகியிருந்தது. நிலக்கோட்டையில் மல்லிகைக்குச் சொல்லிவைத்தார்கள். அம்மா என் அரக்குப் பட்டை எடுத்து வெளியே வைத்தாள்.

"புலி பாக்க எதுக்கும்மா பட்டுச்சேலை?"

"படகுல குளுரும்ல."

கிளம்புகிற அன்று காலையில், வெளுத்துப்போன காக்கி நிறக் கைத்தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு பூகூட வைக்காமல் வேனருகே போய் நின்றேன்.

"காட்டுக்குள்ள கலர்த் துணி ஆகாதாம். பூ வாசத்துக்குப் புலி ஓடிருமாம்" என்றேன்.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னத்தா இது, இந்தக் கோலத்துல போயி நின்னா மாப்ள வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா வேன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அங்க எல்லாரும் பாக்கப்போற புலி நாந்தானா, சித்தப்பா?" என்று கேட்டேன்.